பாட்டு முடியும்வரை இறங்க மாட்டேன்

டெட்ராய்ட், பிப்ரவரி

என் கோபக்காரப் புருஷனுக்கு,

உன் அக்கா எர்னஸ்டீன் வீட்டுச் சோஃபா பத்து நாளாக முதுகுக்கு இதமாக இருக்கிறதா?

அன்று மாலை வாசலில் காரை நிறுத்திவிட்டு நான் இறங்காமல் இருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தாய். பனியில் செருப்போடு ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினாய்.

"இருபது நிமிஷமா உள்ள வர மனசில்லாம உட்கார்ந்திருக்கியே, போன்ல யாருடி அவன்?"

"ரேடியோவுல ஊதுற சாக்சபோன்காரன்."

உண்மையைத்தான் சொன்னேன். கேலி செய்கிறேன் என்று நினைத்துப் பெட்டியைக் கட்டினாய்.

காலையில் நான் ஓட்டும் பள்ளிப் பேருந்தில் அறுபது பிள்ளைகளின் கூச்சல். மதியம் நான் வேலை பார்க்கும் மருத்துவமனைச் சலவை இயந்திரங்களின் இரைச்சல். பாட்டைப் பாதியில் அறுத்துவிட்டு இறங்கினால் அந்த இரைச்சல்தான் உன்னோடு சாப்பிட உட்காரும். முழுதாகக் கேட்டுவிட்டு இறங்கினால் நான் வருவேன். இத்தனை வருஷமும் உன்னோடு சிரித்துக் குடித்தனம் நடத்தியவள், இப்படிப் பாட்டு முடிந்தபிறகு இறங்கி வந்தவள்தான்.

மன்னிப்புக் கேட்க மாட்டேன். நேற்றும் உட்கார்ந்திருந்தேன், நாளையும் உட்காருவேன்.

பக்கத்து இருக்கையில் கிடந்த சாப்பாட்டு டப்பாக்களை மட்டும் எடுத்துவிட்டேன். வருவதானால் ஏறி உட்கார். பாட்டு முடியும்வரை வாயைத் திறக்கக் கூடாது.

இப்படிக்கு,
இன்னும் காரிலேயே இருப்பவள்