பெடலில் முட்டுக் கொடுத்த கட்டை

அன்புள்ள சித்தாராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். உன் முதுகுவலி தேவலையா? காஞ்சிபுரம் வரும் கலீமுல்லா பாயிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நேற்று பாலைவனத்தில் தண்ணீர் லாரியின் க்ளட்ச் பெடல் மிதித்ததும் தரையோடு போய்விட்டது, கியர் விழவில்லை. ஆயில் குழாயில் காற்று புகுந்திருக்கும் என்று நினைத்தேன். காற்றை வெளியேற்ற ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும்; ஆளில்லை. பெடலை அமுக்கிக் கட்டையால் முட்டுக் கொடுத்துவிட்டு, லாரிக்குக் கீழே படுத்து குழாயின் நட்டைத் திறந்தேன். நுரைநுரையாக ஆயில் வந்தது. நட்டை இறுக்கியதும், நம் வேனில் நீ மிதிக்க நான் கீழே படுத்துச் செய்கிற பழக்கத்தில், "போதும், கால எடு சித்தாரா" என்றேன். கட்டை எங்கே காலை எடுக்கும்? எனக்கே சிரிப்பு வந்தது.

காற்றை எடுத்தும் பெடல் இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது. உள்ளே ரப்பர் போய்விட்டது. முதலாளி மாற்றித் தரமாட்டார். இந்த வருஷமும் லீவு கிடையாதாம். பயப்படாதே, நாலு தடவை மிதித்தால் கியர் விழுகிறது.

நம் வேனை விற்றுவிடாதே. நிறுத்தியே வைத்தால் க்ளட்ச் இறுகிவிடும். தினமும் ஏறி மிதித்து விடு. "டைம் ஆயிக்கினு இருக்குதுபா" என்று பாய் அவசரப்படுத்துகிறார்.

மிதிக்கும்போது மெதுவாக மிதி. நான் கீழே படுத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்.

முதஸ்ஸிர்