முப்பத்தேழரை டிகிரி

செவ்வாய்க் கிரகம், வடக்கு நிலையம். நாள் 2, காலை 8.10
அடைகாக்கும் பெட்டியில் கோழி, வாத்து, வான்கோழி முட்டைகள். சூடு 37.5. ஓட்டில் சிறு சன்னல் வெட்டிப் பார்த்தேன். கோழிக்கரு முந்திக்கொண்டது; இதயம் துடிக்கிறது. மற்ற இரண்டும் அசமந்தம். எது எப்போது துடிக்கத் தொடங்குகிறது என்று பூமிக்கு வெளியே அளக்கும் முதல் ஆள் நான்தான். படிப்பவர் பெயரைச் சரியாகக் குறித்துக்கொள்ளவும்: டாக்டர் ஞானதிரவியம்.

நாள் 2, மதியம் 1.40
தெற்கு நிலையத்தில் பாறை ஆராயும் இசக்கியம்மாளிடமிருந்து செய்தி. "அண்ணாச்சி, இங்க காத்து மெஷின் செத்துப் போச்சு. வண்டியில கிளம்பிட்டேன். கதவத் திறந்து விடுங்க." எத்தனை பட்டம் வாங்கினாலும் இவளுக்கு நான் அண்ணாச்சிதான். இரட்டைக் கதவுக்கு நடுவே காற்று ஏற்றினால் அதுவே மின்சாரத்தையெல்லாம் குடித்துவிடும். பெட்டி இரண்டு டிகிரி இறங்கும். இரண்டு வருட உழைப்பு பாழ். கல் உடைக்கிறவளுக்கு இதெல்லாம் எங்கே புரியப் போகிறது!

நாள் 2, மாலை 4.05
வந்துவிட்டாள். தட்டுகிறாள். "அண்ணாச்சி, உடுப்புல காத்து அரை மணி நேரந்தான் வரும்."
வாத்து துடிக்கட்டும், பொறு என்றேன்.
"அடைக்கோழிகூட இரை பொறுக்க எந்திரிச்சுப் போவுமே, முட்டை செத்தா போவுது? உங்க காலப் பிடிச்சுக் கேக்கேன், திறங்க."
எனக்கே கோழிப் பாடம் நடத்துகிறாள். ஒலிபெருக்கியை அணைத்துவிட்டேன்.

நாள் 2, மாலை 4.50
வாத்து துடித்துவிட்டது! இனி வான்கோழி மட்டும்தான் பாக்கி.
தட்டும் சத்தம் நின்றுவிட்டது. ஒலிபெருக்கியை மறுபடி போடவில்லை.

நாள் 3, காலை 6.30
பெட்டியின் பேட்டரி இறங்கிக்கொண்டே போகிறது. மாற்று பேட்டரி இல்லை. வான்கோழி இன்னும் துடிக்கவில்லை. இசக்கியின் உடுப்பில் காற்றுதான் தீர்ந்திருக்கும். பேட்டரி அப்படியே இருக்கும்.
வேறு வழியில்லை. கதவைத் திறக்கப் போகிறேன்.

காலை, நேரம் பார்க்கவில்லை
கைப்பிடியை விடமாட்டேன் என்று பிடித்திருந்தாள். விரல்களைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. முகத்தைப் பார்க்கவில்லை.
பேட்டரி மாற்றியாயிற்று. சூடு இரண்டு டிகிரி இறங்கியிருந்தது. முட்டைகளைப் பார்த்தேன். கோழி துடிக்கிறது. வாத்து துடிக்கிறது. வான்கோழி இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.
ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை.
அடிப்பாவி, இன்னும் கொஞ்சம் உரக்கத் தட்டியிருக்கக் கூடாதா?