ஆடியில் கிடைத்த சாவி

3 மே 1982, திங்கள்

இன்று குழாயடியில் மைமூனம்மாள் பெரியம்மா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "ஏட்டி வள்ளி, உனக்கு முறுக்கு புடிக்காதாமே? எங்கிட்ட குடுத்திருந்தா நான் தின்னுருப்பேனே" என்றாள். குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவிடலாம் போல இருந்தது.

நேற்று இவர் முறுக்கு வாங்கி வந்தது உண்மை. எனக்குப் பிடிக்காது என்று நான் சொன்னதும் உண்மை. நான் மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் இவர் பத்து வருஷமாக விசைத்தறியில் நிற்கிற ஆள். தறிச் சத்தத்தில் கத்திக் கத்திப் பேசிப் பழகி, ரகசியம் பேசினாலே அது கோவில் வாசல் வரைக்கும் போகும். "முறுக்கு புடிக்காதா? பின்ன என்ன புடிக்கும்?" என்று காதோடு காதாகக் கேட்டார். குடோன் முழுக்கக் கேட்டது. அந்தப் பக்கம் யாரோ, "அல்வா வாங்கிக் குடுவே தங்கப்பழம்" என்று பதில் சொன்னார்கள்.

பழைய நெல் குடோன் இது. போன ஐப்பசி மழையில் செங்குளம் உடைந்து, இவர் வீடு இருந்த ஓடைத்தெருவில் ஒரு மண்சுவர்கூட மிஞ்சவில்லை. பதினாறு குடும்பத்தையும் சர்க்கார் இங்கே கொண்டுவந்து வைத்தது. எங்கள் கல்யாணம் அதற்கு முன்பே நிச்சயமானது. நிறுத்திவிடலாமா என்று அம்மா கேட்டதற்கு அப்பா, "வீடுதான இடிஞ்சிருக்கு, மாப்பிள்ளை இடியலையே" என்றார். தையில் கல்யாணம். அன்றிலிருந்து சாக்குப் படுதாவுக்கு இந்தப் பக்கம் நானும் அத்தையும். ஆம்பிளைகள் எல்லாரும் வெளியே மரத்தடியில்.

கல்யாணமாகி நாலு மாதம் ஆகப்போகிறது. புருஷனோடு நாலு வார்த்தை தனியாகப் பேசியதில்லை. அதனால்தான் அப்பாவுக்கு எலுமிச்சை மண்டியில் கொடுத்த இந்த டைரியை வாங்கி வந்தேன். இதற்காவது காது கிடையாது.

11 மே

சர்க்கார் கொடுத்த நிவாரணச் சேலை எல்லாம் ஒரே பச்சை, ஒரே கரை. இன்று சாயங்காலம் இவர் பின்னாலிருந்து வந்து, "சினிமாவுக்குப் போவமா?" என்று கேட்டிருக்கிறார். திரும்பிப் பார்த்தது மைமூன் பெரியம்மா. "எந்தப் படம்யா?" என்றாளாம். நான் சிரித்துச் சிரித்து வயிறு வலி. இவர் இன்னும் குடோனுக்குள் தலைகாட்டவில்லை.

2 ஜூன்

சர்க்கார் எங்களுக்குக் காலனி கட்டுகிற இடத்துக்கு நானும் அத்தையும் போனோம். மேட்டுப் பூமி. இனிமேல் குளம் உடைந்தாலும் தண்ணீர் ஏறாது. சர்க்கார் ஆறு மாதம் சும்மா இருந்தாலும் இடம் நன்றாகத்தான் பார்த்திருக்கிறது. சுவர் இடுப்பளவுக்கு வந்துவிட்டது. கொத்தனார் வீட்டுக்கு வீடு சாக்பீஸால் பேர் எழுதி வைத்திருக்கிறார். ஐந்தாம் நம்பரில் 'பிச்சம்மாள்' என்று அத்தை பேர். நான் வாசித்துச் சொன்னதும் அத்தை அந்தச் சுவரைத் தடவிப் பார்த்தாள். மைமூன் பெரியம்மாவுக்குக் கடைசி வீடு, பதினாறாம் நம்பர். அதை ஒட்டி விசைத்தறி ஷெட். ஒரே தடதடா.

ஒரு அறை, ஒரு அடுப்படி. அவ்வளவுதான் வீடு. அத்தை எங்கே படுப்பாள், நாங்கள் எங்கே படுப்போம்? கேட்க வாய் வந்தது. மருமகள் கேட்கிற கேள்வியா அது. ஆனாலும் கதவு ஒன்று வரப்போகிறது, அதற்குத் தாழ்ப்பாள் வரப்போகிறது. அது போதும் இப்போதைக்கு.

20 ஜூன்

சிமெண்ட் வரவில்லை. ஓவர்சியரும் வரவில்லை. வெயில் மட்டும் தவறாமல் வருகிறது.

9 ஜூலை

சிமெண்ட் வந்துவிட்டது. கூடவே ஒரு குண்டும் வந்தது. ஆகஸ்ட் பதினைந்து, சுதந்திர தினத்தன்று சாவி கொடுப்பார்களாம். அன்றைக்கே குடியேற வேண்டுமாம். காலியாகக் கிடந்தால், வெள்ளத்தில் வீடு போன வேறு ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அவர்களுக்குக் கொடுத்துவிடுவோம் என்று தாசில்தாரே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

குடோனே இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. ஆகஸ்ட் பதினைந்து ஆடி மாதம். ஆடியில் யாராவது புதுவீட்டில் பால் காய்ச்சுவார்களா? ஆவணி பிறக்க இரண்டே நாள் இருக்கும்போது! "ரெண்டு நாள் பொறுக்கப்படாதா அந்தக் கவர்மெண்டு?" என்று அத்தை கேட்டாள். சுதந்திரம் ஆவணியில் கிடைத்திருந்தால் எங்களுக்கு நல்லதாய்ப் போயிருக்கும் என்று நான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

14 ஜூலை, புதன்

அத்தை மூளையே மூளை. ஆடி பிறக்கும் முன்னால் பாலைக் காய்ச்சிவிட்டால் குடியேறினதாகத்தானே கணக்கு? பிறகு எந்த மாதம் சட்டி பானை எடுத்துப் போனால் என்ன? இன்று ஆனியில் கடைசி முகூர்த்தம். விடியுமுன் பதினாறு குடும்பமும் பால் செம்போடு கிளம்பிவிட்டோம்.

வீட்டுக்குக் கூரை இல்லை, கதவு இல்லை. சர்க்கார் செங்கல் மூன்றை எடுத்து அடுப்புக் கூட்டினோம். தூறல் வேறு. நான் குடை பிடித்தேன், அத்தை ஊதினாள். பால் பொங்கியதும் அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புகை என்றாள். எனக்கும் புகைதான்.

மைமூன் பெரியம்மாவும் பதினாறாம் வீட்டில் சீனி போட்டுக் காய்ச்சி, பாத்திஹா ஓதினாள். "எங்களுக்கு ஆடியும் கிடையாது ஆவணியும் கிடையாது. ஊரே காய்ச்சயில நான் மட்டும் கையைக் கட்டிட்டு நின்னா நல்லாவா இருக்கும்?"

வாட்ச்மேன் ஆறுமுகச்சாமி அண்ணாச்சியின் வாயை அடைக்க வீட்டுக்கு வீடு முதல் டம்ளர் அவருக்கு. மறுக்கத் தெரியாத மனுஷன். பதினாறு வீட்டுப் பாலையும் குடித்துவிட்டார்.

15 ஜூலை

ஓவர்சியர் சங்கரநாராயணன் வந்து, புதுச்சுவரெல்லாம் கரி பிடித்திருப்பதைப் பார்த்துக் குதித்தாராம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்த ஆறுமுகச்சாமி அண்ணாச்சி, "பாம்பு நடமாட்டம் சார், பொக போட்டேன்" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு ஓவர்சியர் ரோட்டில் நின்றபடியே வேலை பார்க்கிறார்.

18 ஜூலை, புளியங்குடி

அப்பா வந்து ஆடிக்கு அழைத்து வந்துவிட்டார். புதுப்பெண் ஆடியில் புருஷன் வீட்டில் இருக்கக்கூடாது. எனக்கு ஏது புருஷன் வீடு? புருஷன் குடோன்தானே. இதை அம்மாவிடம் சொன்னேன், முதுகில் ஒன்று வைத்தாள்.

1 ஆகஸ்ட், ஞாயிறு

எலுமிச்சை வாங்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டு இவர் மண்டிக்கு வந்தார். தறிக்காரருக்கு எலுமிச்சை எதற்கு? அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன நேரத்தில் என்னைப் பார்த்துவிட்டு, மூட்டைகளுக்கு நடுவே வந்து நின்று ரகசியமாக, "நீ இல்லாம சோறு எறங்க மாட்டேங்கு" என்றார். மண்டியில் ஏலம் நின்றுவிட்டது. அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு பழத்தைப் பொறுக்கினார்.

எனக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது. ஏன் எனக்கு வருகிற ஒவ்வொரு நல்ல வார்த்தையும் ஊருக்கே வந்து சேருகிறது? எனக்கென்று ஒன்று, எனக்கு மட்டும் என்று ஒன்று வரக்கூடாதா?

4 ஆகஸ்ட்

ஆடித்தபசு பார்க்க அம்மாவும் அப்பாவும் சங்கரன்கோவில் போய் வந்தார்கள். என்னைக் கூட்டிப்போகவில்லை. கூட்டத்தில் இவர் நிற்பாராம்!

13 ஆகஸ்ட்

குடோனிலிருந்து ஆள் வந்தது. சாவி வாங்க எல்லாரும் இருக்க வேண்டுமாம், போட்டோ எடுப்பார்களாம். ஆடி முடியட்டும் என்று அம்மா இழுத்தாள். "கவர்மெண்டு கூப்புட்டா பிள்ளைய மறைச்சா வைக்க முடியும்? கெளம்புட்டி" என்றார் அப்பா. நான் ஏற்கெனவே கிளம்பித்தான் இருந்தேன்.

14 ஆகஸ்ட், சனி

தலையில் இடி. வேண்டியவர்களுக்கு நல்ல வீடு எழுதி வைத்திருக்கிறார்கள் என்று யாரோ கலெக்டருக்கு மனுப் போட்டிருக்கிறார்கள். அதனால் சாக்பீஸ் பேர் செல்லாது. இன்று எல்லார் முன்னாலும் பிஸ்கட் டின்னில் சீட்டுப் போட்டுக் குலுக்கினார்கள். நியாயமான காரியம்தான். ஆனால் ஆனியில் பால் காய்ச்சின கதையைத் தாசில்தாரிடம் யார் போய்ச் சொல்வது?

ஆளுக்கு ஒரு வீட்டில் பால் பொங்கியிருக்கிறது, ஆளுக்கு வேறு ஒரு வீடு வந்திருக்கிறது. எங்களுக்குப் பதினாறு. மைமூன் பெரியம்மாவுக்கு எங்கள் ஐந்து.

15 ஆகஸ்ட், ஞாயிறு

காலையில் கொடி ஏற்றினார்கள், மிட்டாய் கொடுத்தார்கள், ஆளுக்கு ஒரு வேப்பங்கன்றும் சாவியும் கொடுத்தார்கள். போட்டோவில் எல்லாரும் எழவு விழுந்த மாதிரி நின்றோம். சாயங்காலம் ஜீப்பில் வருவேன், வீட்டுக்கு வீடு அடுப்பு எரிய வேண்டும் என்று தாசில்தார் சொல்லிவிட்டுப் போனார். அவர் நல்லவர்தான். அடுப்பு எரியாத வீட்டை அவரால் காப்பாற்ற முடியாது, அவ்வளவுதான்.

அவர் ஜீப் மறைந்ததும் எல்லாரும் மைதானத்தில் உட்கார்ந்து சாவியைக் கீழே கொட்டினோம். ஒன்பதைக் கொடுத்து இரண்டை வாங்கு, பன்னிரண்டைக் கொடுத்து ஒன்பதை வாங்கு. சந்தை கெட்டது. மத்தியானத்துக்குள் அவரவர் பால் பொங்கின வீட்டுச் சாவி அவரவர் கையில். இரண்டே சாவிதான் மாறவில்லை. மைமூன் பெரியம்மா ஐந்தாம் நம்பரைத் திறந்துபோட்டுவிட்டு, சாவியை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு கொடுக்க மாட்டேன் என்றுவிட்டாள்.

"அந்தக் கடைசி வீட்டுல தறி ஓடுத சத்தத்துல பாங்கு சொல்லுதது கேக்காது பிச்சம்மா. அஞ்சாம் வீட்டுல நின்னா நல்லாக் கேக்கு. ஆண்டவனாப் பாத்துச் சீட்டுல குடுத்திருக்கான்."

"என் பாலு பொங்குன வீடுடி அது!"

"உன் பாலு பொங்குச்சு, என் சீட்டு விழுந்துச்சு."

முப்பது வருஷம் அடுத்தடுத்த வீட்டில் இருந்தவர்கள். வெள்ளத்தன்று ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு வந்தவர்கள். இன்று ஆளுக்கொரு பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார்கள். நான் அத்தையிடம், "பதினாறுலயும் பாலு பொங்கித்தான இருக்கு, பெரியம்மா காய்ச்சுனா பாலு இல்லையா?" என்றேன். "அவ பொங்குனது அவளுக்கு" என்று அத்தை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். இவர் இரண்டு பேருக்கும் நடுவே நின்று தலையைச் சொறிந்தார். மணி நாலு ஆகிவிட்டது. வீடு கைக்கு வந்து வாய்க்கு எட்டாமல் போய்விடுமோ? திரும்ப அந்தச் சாக்குப் படுதாவா?

ஜீப் சத்தம் கேட்டது. அத்தை எழுந்தாள். அடுப்பைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே ஐந்தாம் நம்பருக்குள் போய் நடுவீட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் பாலு பொங்குன வீட்டுலதான் இருப்பேன். வேணும்னா போலீஸக் கூப்புடு."

மைமூன் பெரியம்மா வாசல் வரை வந்தாள். பிறகு உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இரேன். யாரு வேண்டாம்னா? எம் மவன் பாதுஷா பம்பாயில கெடக்கான். எனக்கும் ஒத்தையில கெடக்கப் பயமாத்தான் இருக்கு. ஆனா வெளக்கு வைக்கயில நான் தொழணும், நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்."

"அதெல்லாம் பாத்துக்கிடலாம். சுள்ளி எடு."

நான் அதற்கு மேல் நிற்கவில்லை. பதினாறாம் நம்பர் சாவியை அத்தை மடியிலிருந்து நானே எடுத்தேன். ஆடி, புதுப்பெண், முறை, எதையும் நினைக்கவில்லை. இவர் விறகோடு பின்னால் ஓடிவந்தார். தாசில்தார் வாசலில் வந்து நின்றபோது அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. "நீங்கதான் பிச்சம்மாளா?" என்று என்னைக் கேட்டார். "மருமக சார்" என்றேன். பேப்பரைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், ஷெட் பக்கம் பார்த்தார். "இந்தச் சத்தத்துல எப்படிம்மா இருப்பீங்க?" என்று பரிதாபமாகக் கேட்டார். எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது.

16 ஆகஸ்ட்

இவர் பேசினார். நேற்றுச் சாயங்காலம் முழுக்கப் பேசினார். சின்ன வயதில் குளத்தில் முங்கிப்போக இருந்தது, அவருடைய அப்பா சாவு, என்னைப் பெண் பார்க்க வந்த அன்று பயத்தில் சொஜ்ஜியை விழுங்கியது, எல்லாம். தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திச் சொன்னார். எனக்கு மட்டும்தான் கேட்டது. நானும் கத்தினேன். எனக்கு இவ்வளவு பெரிய குரல் இருக்கிறதென்று எனக்கே தெரியாது.

முறுக்கு ஏன் பிடிக்காது என்றும் சொன்னேன்.

23 நவம்பர், செவ்வாய்

மூன்று மாதமாக இதைத் தொடவே இல்லை. அரிசிப் பானைக்குப் பின்னால் கிடந்தது. இதில் எழுத வேண்டியதெல்லாம் அவரிடமே சொல்லியாகிவிடுகிறது.

நாலு நாளாக நல்ல மழை. ஆம்பிளைகள் போய்ச் செங்குளத்தைப் பார்த்துவிட்டு வந்தார்கள். பொதுப்பணித்துறையில் புதிதாகப் போட்ட கரை அசையவில்லையாம். எங்கள் கூரையில் ஒரு மூலையில் மட்டும் ஒழுகுகிறது. கீழே சட்டி வைத்திருக்கிறேன். ஓவர்சியரிடம் சொல்ல வேண்டும், பாம்பு இல்லை என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அத்தையும் மைமூன் பெரியம்மாவும் காலையில் சண்டை, மத்தியானம் ஒரே தட்டில் கருப்பட்டி.

இன்று இவர் ஷிப்டு முடிந்து வந்ததும் சொன்னேன். ஒரு வாரமாக மனதில் வைத்திருந்தது. நாள் தள்ளிப்போயிருக்கிறது, ஆஸ்பத்திரியில் நர்சம்மாவும் ஆமாம் என்று சொல்லிவிட்டாள் என்று தறிச் சத்தத்துக்கு மேலே கத்திச் சொன்னேன். முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. எழுந்து நின்று, இரண்டு கையையும் மேலே தூக்கி, தொண்டை கிழிய, "நான் அப்பா ஆகப்போறேன்!" என்று கத்தினார்.

கத்த ஆரம்பித்தபோது தறி ஓடிக்கொண்டிருந்தது. கத்தி முடிப்பதற்குள் கரண்டு போய்விட்டது. ஷெட் முழுக்க அத்தனை தறியும் ஒரே நேரத்தில் நின்றது. மழைகூட அந்த நேரம் பார்த்து விட்டிருந்தது.

முதலில் ஐந்தாம் நம்பர் கதவு திறந்தது. அப்புறம் ஒவ்வொன்றாக எல்லாக் கதவும். அத்தை ஓடி வருகிறாள், பின்னால் மைமூன் பெரியம்மா சீனி டப்பாவோடு.

நான் தாழ்ப்பாளை நீக்கி வைத்துவிட்டேன். வரட்டும். இது எல்லாருக்கும் தெரியவேண்டியதுதான்.