ஆம்பேவாடி அடிமதகில் இனி ஆளை இறக்க வேண்டாம்

அனுப்புநர்:
சு. கனகவல்லி,
பம்ப் ஆபரேட்டர் (ஒப்பந்தம்),
ஆம்பேவாடி நீர்த்தேக்கம், தளேகாவ் வழி.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
புனே மாவட்டம்.

பொருள்: மலையில் மரம் வெட்டியதால் நீர்த்தேக்கம் தூர்ந்தது – அடிமதகில் ஆளை இறக்குவதைத் தடுக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

எனக்கு மராத்தி பேச வரும், எழுத வராது. நான் வாசிக்கக் கேட்டு என் மகள் ஸ்நேஹா எழுதிய மராத்திப் பிரதியை இத்துடன் வைத்துள்ளேன்.

1. ஒவ்வொரு மே மாதமும் பம்ப் ஹவுஸ் மேடையிலிருந்து அளவு நாடா இறக்கி, அடிமதகின் எதிரே உள்ள ஆழத்தைக் குறிப்பது என் வேலை. 2016 முதல் ஏழு ஆண்டுகளில் அங்கே அரை மீட்டர் வண்டல் படிந்தது. 2023 கடைசியில் மேற்கு மலையின் மரங்களை வெட்டி, சரிவைப் படிக்கட்டு போல அறுத்து பங்களா மனைகள் போட்டார்கள். அதன்பின் இரண்டே மழைக்காலங்களில் நாலரை மீட்டர் படிந்துவிட்டது. வேர் பிடித்து வைத்திருந்த மண் முழுவதும் ஓடை வழியாக மதகின் எதிரே வந்து நிற்கிறது.

2. 18.7.2025 அன்று மதகின் ஷட்டர் சேற்றில் சிக்கி அசையவில்லை. நீருக்குள் இறங்கி வேலை செய்யும், பிம்ப்ரி ஊரைச் சேர்ந்த சேஷுவை ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளர் வரவழைத்தார். சேஷுவின் கயிற்றைப் பிடித்திருந்தவள் நான். முதல் முறை இறங்கி ஏறியதும் அவர் என்னிடம், “அக்கா, கீழ சேறு செவுரு மாதிரி நிக்குது. இன்னொரு வாட்டி எறக்க வேணாம்னு சொல்லுங்க” என்றார். நான் சொன்னேன். ஐந்து நிமிட வேலைதான் என்று மேற்பார்வையாளர் இந்தியில் பதில் சொல்லிவிட்டார். நான் ஒருமுறைதான் சொன்னேன் என்பதையும் இங்கே எழுதியாக வேண்டும்.

3. இரண்டாம் முறை இறங்கியபின், நலம் என்பதற்கான இரண்டு இழுப்பு வந்தது. பிறகு கயிறு அசையவில்லை. சேறு சரிந்து அவரை இடுப்பு வரை மூடியிருந்தது. மூன்று பேர் சேர்ந்து வெளியே எடுக்கப் பதினொரு நிமிடம் ஆயிற்று. காற்றுக் குழாய் அறுபடாததால் உயிர் பிழைத்தார். இடுப்பெலும்பு உடைந்தது. இன்றும் தாங்கிப் பிடிக்க ஆள் இல்லாமல் அவரால் நிற்க முடியாது. வீட்டுக் கதவைச் சாத்த விடுவதில்லை என்று அவர் மனைவி சொல்கிறார்.

4. ஒப்பந்ததாரரின் அறிக்கையில் காரணம், ‘ஊழியரின் கவனக்குறைவு’. வண்டல் பற்றி ஒரு வரிகூட இல்லை. சாட்சியாகக் கையெழுத்துக் கேட்டார்கள். நான் போடவில்லை.

5. மழைக்கு முன் மதகைத் திறக்க வேண்டுமென்று, வரும் ஜூன் 5 அன்று கிறிஸ்டோபர் என்பவரை இறக்க உத்தரவு வந்துள்ளது. அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள். சேஷுவுக்கு நடந்ததை அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை, நான்தான் சொன்னேன். மலையிலோ மண் அள்ளும் இயந்திரம் இன்றும் ஓடுகிறது. சென்ற வாரம் பெய்த ஒரு மணி நேர மழைக்கே ஓடை செங்காவியாக வந்தது.

ஆகவே, சேற்றை மேலிருந்தே இயந்திரத்தால் அகற்றும் வரை மதகில் எவரையும் இறக்கக் கூடாதென உடனே ஆணையிட வேண்டுகிறேன். மலை அறுப்பை நிறுத்தி, ஓடையில் மண் தடுப்புகள் கட்டி, சரிவில் மீண்டும் மரம் வைக்கச் செய்ய வேண்டும். இல்லையேல் எத்தனை முறை தூர் வாரினாலும் அடுத்த மழையில் மதகு மூடிக்கொள்ளும். என் பத்தாண்டு ஆழப் பதிவேட்டின் நகலை இணைத்துள்ளேன்.

ஜூன் 5 அன்று எனக்குக் காலைப் பணி. தங்கள் ஆணை வந்தாலும் வராவிட்டாலும் நான் கயிற்றைப் பிடிக்க மாட்டேன், பிடிக்க வருபவருக்கும் மேடையின் கதவைத் திறக்க மாட்டேன். அதற்காக வேலை போனால் போகட்டும். அந்த நிலை வராமல் தாங்கள் காக்க வேண்டும்.

இடம்: தளேகாவ்
நாள்: 28.5.2026

பணிவுடன்,
(ஒப்பம்) சு. கனகவல்லி