எனக்குக் குளிர் ஆகாது என்று யார் சொன்னது

கோயம்புத்தூர்,
தை மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அக்ஷயா,

நீயும் மாப்பிள்ளை சபரீஷும் வயிற்றில் இருக்கும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும், இங்கே நான் நல்ல சுகத்தோடு இருக்கிறேன். இதை அழுத்தி எழுதக் காரணம் இருக்கிறது. குளிருக்குப் பயந்து மகளின் பிரசவத்துக்குக் கடல் கடந்து போக மாட்டேன் என்று நான் சொன்னதாக உறவுக்காரர்களிடம் ஒரு பேச்சு நடக்கிறது. நான் அப்படிச் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. போன வாரம் பெருந்துறையில் ஒரு கல்யாணம், பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த உன் மாமியாரின் தங்கை, "ஏனுங்க அக்கா, அபர்டீன் குளுரு ஆவாதுன்னு நீங்களே சொல்லிப்போட்டீங்களாமா, அதானுங்க எங்கக்கா போறாங்க" என்று இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். உன் மாமியாருக்கு மாசியில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது என்பது எனக்கு ரசம் ஊற்றும்போதுதான் தெரிந்தது.

ஐப்பசியில் நான் வருகிறேன் என்றேன், சாயங்காலக் காபி குடிப்பதற்குள் இருட்டிவிடும் அம்மா, உங்கள் மனசு சோர்ந்துபோகும் என்றாய். சரி, பங்குனியில் பிரசவத்துக்கு வருகிறேன் என்றேன், மழையும் கடல்காற்றும் முகத்தை அறுக்கும் என்றாய். குழந்தை பிறந்து வைகாசியிலாவது வரட்டுமா என்றால், அப்போது கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்து தெருவே தெரியாது, கோடையிலும் ஸ்வெட்டர் வேண்டும், மூட்டு வலிக்கும் என்றாய். ஆனியில் ராத்திரியிலும் வெளிச்சம், தூக்கம் வராது என்றாய். வருடத்தில் ஒரு மாதம்கூட எனக்கு ஒத்துக்கொள்ளாத ஊர், இன்ஹேலர் இல்லாமல் படியேற முடியாத உன் மாமியாருக்கு மட்டும் மாசியில் எப்படி ஒத்துக்கொள்ளும்? பள்ளிப் படிப்பு முழுவதும் ஊட்டி கான்வென்ட் விடுதியில் இருந்தவள் நான். தையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும், அதன்மேல் நடந்துதான் காலை ஜெபத்துக்குப் போவோம், குளிருக்குக் கூனினால் சிஸ்டர் முதுகில் ஒரு தட்டுத் தட்டுவார். உன் அபர்டீனைப் பற்றியும் படித்துவிட்டேன். கடல் பக்கத்தில் இருப்பதால் உள்நாட்டைப் போல அங்கே அவ்வளவாக உறைவதில்லை, பனி விழுந்தாலும் அதிக நாள் தங்குவதில்லை. வடக்கே போகப் போகப் பகல் குளிர்காலத்தில் சுருங்கும், கோடையில் நீளும். உனக்குப் புவியியல் சொல்லிக்கொடுத்ததே நான்தான், என்னிடமே அதைச் சொல்லிப் பயமுறுத்துகிறாய்.

மறுநாளே உன் மாமியாருக்குப் போன் செய்தேன். நாகரத்தினம் அம்மாளுக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது, அந்த மட்டில் உன்னைவிட மேல். "தப்பா நெனைக்காதீங்க, மொதக் கொழந்தை, தொட்டில் போடற நல்ல காரியம், பூவும் பொட்டும் இருக்கறவங்க முன்னால நின்னாத் தேவலைங்க, அக்ஷயாகிட்டயும் சொன்னேன், செரிங்கத்தைன்னு சொல்லிப்போட்டா" என்றார். நீங்கள் பின்னி வைத்த குல்லா, காலுறை ஏதாவது இருந்தால் கொடுங்கள், என் பெட்டியில் இடம் இருக்கிறது என்றும் சொன்னார். கொடுக்க மாட்டேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். உன் அப்பா போன அடுத்த வருடம் நடந்த உன் கல்யாணத்தில் பாலகோபால் மாமாவும் அத்தையும் தாரை வார்த்தார்கள், பெற்றவள் நான் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். அது ஊர் கூடிய மண்டபம், வாயை மூடிக்கொண்டேன். நீ வலியில் கத்தப்போகிற இடத்திலும் எனக்கு மூன்றாம் வரிசைதானா? உன் மாமியார் மேல் எனக்கு வருத்தம், கோபம் உன் மேல்தான். அவர் மனசில் இருந்ததைச் சொன்னார். நீ மழையையும் காற்றையும் சொன்னாய், அதோடு நிற்காமல் என்னையே பயந்தாங்கொள்ளி ஆக்கி ஊருக்குச் சொன்னாய். அப்பா போனால் அம்மாவும் போய்விட்டாள் என்று உனக்கு எந்தப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள்?

கோபத்தில் எழுத வேண்டியதை விடக் கூடாது. இரும்புச்சத்து மாத்திரையைக் காபியோடு விழுங்காதே. உறைந்த படியில் இறங்கும்போது கைப்பிடியை விடாதே, வீடியோவில் பார்த்தேன், அந்த பூட்ஸின் அடி வழவழவென்று தேய்ந்திருக்கிறது, தூக்கி எறிந்துவிட்டு வேறு வாங்கு. இங்கே காலையில் நல்ல பனி, மாடியில் போட்ட வடகம் காய்வேனா என்கிறது.

விசா கையில் இருக்கிறது. டிக்கெட் எடுத்துவிடலாம் அக்கா என்று பாலகோபால் தினமும் கேட்கிறான், நான்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன். நீ கூப்பிடாமல் உன் வாசலில் வந்து நிற்க மாட்டேன். குல்லாவும் காலுறையும் என் பெட்டியிலேயே இருக்கும், வந்தால் என் கையால்தான் வரும். நீ வரவேண்டாம் என்றாலும் உனக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டும், தாயும் பிள்ளையும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும், அந்த ஆசீர்வாதத்துக்கு யார் முன்னால் நிற்பது என்ற கணக்குக் கிடையாது.

அம்மா வரவேண்டுமா, வேண்டாமா, இரண்டில் ஒன்றைக் காகிதத்தில் உன் கையால் எழுதித் தபாலில் அனுப்பு. போனில் சொல்லாதே, போனில் நீ மறுபடியும் மழை பெய்கிறது என்பாய்.

உன் அம்மா,
தமயந்தி