சிவப்பும் பச்சையும் தம்பியும்

மார்ச் 3

என் அருமைத் தம்பிக்கு,

போனில் கேட்டால் "நல்லா இருக்கேன், வெச்சிடவா?" என்பாய், அதனால்தான் கடிதம். எங்கள் மருத்துவமனை மனநலப் பிரிவின் ஆராய்ச்சிக்காக நீ கணினியில் செய்த சோதனையின் முடிவு வந்துவிட்டது. திரையில் வரும் சொற்களை யோசிக்காமல் இடப்பக்கம், வலப்பக்கம் என்று தட்டினாயே, அதுதான். "நான்", "காயம்" இரண்டையும் ஒரே பக்கம் தட்டச் சொன்னபோது உன் விரல் பறந்திருக்கிறது. தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் மனசுக்குள் ஒளிந்திருந்தால் அப்படிப் பறக்குமாம். கணினி உனக்குச் சிவப்பு போட்டுவிட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை. உடனே பதில் போடு.

கவலையுடன்,
உன் அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் சோறு சாப்பிடு. கால்நடை மருத்துவமனையில் எனக்குப் பூனையைப் பிடித்துக்கொள்ளும் உத்தியோகம். "நான்", "காயம்" இரண்டும் எனக்கு இனிஷியலும் பெயரும் மாதிரி. நான் சோதனை செய்த அன்றைக்கு ஒரு கடுவன் பூனை முழங்கை வரை கோலம் போட்டுவிட்டது. "ஏன்டா, ஊசி அதுக்கா, உனக்கா?" என்று டாக்டர் சிரிக்கிறார். உன் நிம்மதிக்காக நேற்று அதே சோதனையை மறுபடியும் தட்டினேன். பச்சை! நேற்று வந்தது ஒரு கிளி. நல்ல பிள்ளை.

இப்படிக்கு,
பச்சைத் தம்பி

மார்ச் 15

தம்பி,

படித்துச் சிரித்ததில் வயிறு வலித்தது. இங்கேயும் எல்லாரையும் மறுபடி உட்கார வைத்தோம். சிவப்பில் பாதிப் பேர் பச்சை, பச்சையில் பலர் சிவப்பு. எங்கள் தலைமை மருத்துவரே சிவப்பு வாங்கி, எழுந்துபோய்க் காபி குடித்துவிட்டு வந்து பச்சை வாங்கினார். "மெஷினுக்குத்தான் வைத்தியம் பாக்கணும் போல" என்று முணுமுணுத்தார். இதை வைத்துத் தனி ஒருவரைப் பற்றி முடிவு கட்டக்கூடாது என்று அறிக்கை எழுதிவிட்டோம்.

ஆனால் சிவப்பை நம்ப முடியாதென்றால் பச்சையையும் நம்ப முடியாதே. உன் கடிதத்தைத் திரும்பப் படித்தேன். பூனை இருக்கிறது, கிளி இருக்கிறது, உன்னைக் காணோம். உன் மனைவி பிரிந்துபோனதிலிருந்து நீ எனக்கு ஜோக் மட்டும்தான் அனுப்புகிறாய். வாய்விட்டே கேட்கிறேன்டா: உன்னை நீயே காயப்படுத்திக்கலாம்னு எப்பவாவது தோணுதா? எது சொன்னாலும் கோபப்பட மாட்டேன்.

அக்கா

மார்ச் 20

அக்கா,

நாலு பக்கம் ஜோக் எழுதிக் கிழித்துப் போட்டேன்.

தோணுது. எதுவும் செய்துகொள்ளவில்லை. ஆனால் தோணுது.

உனக்கு எழுதத் தொடங்கிய தைரியத்தில் டாக்டரிடமும் சொல்லிவிட்டேன். மனுஷன் கையிலிருந்த நாய்க்குட்டியைக் கீழே இறக்கி விட்டார். "எனக்கு நாலு கால் வைத்தியம்தான்டா தெரியும். கிளம்பு, தெரிஞ்சவங்ககிட்ட போலாம்" என்று மத்தியானமே மருத்துவமனையைச் சாத்திவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே மனநல வைத்தியம் பார்க்கும் ஒரு அம்மா. கணினிப் பக்கமே திரும்பவில்லை. நீ கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். இந்த முறை அழுதுவிட்டேன். வாரா வாரம் வரச் சொல்லியிருக்கிறார். போவேன்.

நீ சனிக்கிழமை வருகிறாயா? வீடு குப்பைமேடாகக் கிடக்கிறது. வந்ததும் திட்டாதே.

இல்லை, திட்டு. என்னை யாரும் திட்டி ரொம்ப நாளாகிறது.

உன் தம்பி