டோரீன் போட்ட என் வேஷம்

தானா ராத்தா தேயிலைத் தோட்டம்,
ஆகஸ்டு 1981

பிள்ளையின் அப்பாவுக்கு,

சிங்கப்பூரில் வேலை அதிகம், தீபாவளிக்கும் வர முடியாது என்று எழுதியிருந்தீர்கள். சரி. எனக்கு இங்கே வேறு தலைவலி.

கோலாலம்பூரில் படிக்கும் டோரீன் என்ற பெண் நம் லயத்து வீட்டு வரிசையில் தங்கி எங்களோடு கொழுந்து எடுக்கிறாள். நம்மைப் போல நடித்துப் பார்த்தால்தான் நம் வாழ்க்கை புரியுமாம். அதற்கொரு படிப்பாம்! நேற்றுச் சாயங்காலம் மண்டபத்தில் எல்லாரையும் உட்காரவைத்து, தப்பிருந்தால் சொல்லுங்கள் என்று என்னைப் போல நடித்துக் காட்டினாள். கூடை மாட்டுவது, கங்காணியை முறைப்பது எல்லாம் சரி. ஆனால் நீங்கள் எப்போதும் வந்திறங்கும் தாப்பா பஸ் வரும் நேரம் அவள் கை நின்றுவிடுகிறது. தலை ரோட்டுப் பக்கம் திரும்புகிறது. அது நானாம்!

"நான் எப்பம்மா அப்படிப் பாத்தேன்?" என்று கத்தினேன்.

"தெனமும்தான் பாக்குறே லா," என்றாள் பக்கத்து வீட்டுச் செல்லம். சனமெல்லாம் தலையாட்டியது.

"நீங்களே செஞ்சு காட்டுங்கக்கா," என்று டோரீன் கூடையை நீட்டினாள். விடுவேனா? மேடையேறி, குனிந்த தலை நிமிராமல் கொழுந்து கிள்ளிக் காட்டினேன். அந்த நேரம் பார்த்து வெளியே நிஜமான பஸ் ஹாரன் அடித்துத் தொலைத்தது.

நான் திரும்பியதைப் பார்த்து ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இப்படிக்கு,
பஸ்ஸைப் பார்க்காதவள்